பெக்சரோட்டீனும் அதற்குக் காவலாக இரண்டு குளிசைகளும்

லண்டனில் வசிக்கும் எனக்கு மைக்கோசிஸ் ஃபங்கோயிடிஸ் எனப்படும் தோல் லிம்போமா (டீ-உயிரணு என்ற வெள்ளணு வகையில் தோன்றித் தோலில் வளரும் புற்றுநோய்) இருப்பது, பல ஆண்டுகள் எக்சிமா என்றும் படை என்றும் களிம்பு பூசிய பின்னர், தோலில் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை துண்டெடுத்துப் பரிசோதித்ததில்தான் உறுதியானது. இந்நோயில் இத்தகைய தாமதம் அபூர்வமன்று. தொடக்க காலத்தில் நுண்நோக்கியின் கீழ்கூட அது எக்சிமாவைப் போலவே தெரியக்கூடும் என்பதால், யாரையும் குறைகூற எனக்கு மனமில்லை. ஒளிச்சிகிச்சை சில காலம் கைகொடுத்தது. அடுத்து மெதொட்ரெக்சேற் வந்தது. அதற்கும் அடங்காமல் தொடையிலும் முதுகிலும் இருந்த தடிப்புகள் கட்டிகளாக எழத் தொடங்கியபோது, தோல் லிம்போமா கிளினிக்கின் நிபுணர் பெக்சரோட்டீன் என்ற குளிசையைத் தொடங்கலாம் என்றார். இந்த மருந்தைப் பத்திரமாக எடுப்பது பற்றித் தமிழில் வாசிக்க எனக்கு எதுவும் அகப்படவில்லை. ஆகவே அனுபவத்தில் கற்றதை எழுதி வைக்கிறேன். நான் வைத்தியன் அல்லன்; இங்கே வரும் அளவுகள் எனக்குத் தரப்பட்டவை, அல்லது மருந்தின் பொதுவான வழிகாட்டலில் உள்ளவை. உங்கள் அளவை உங்கள் கிளினிக்தான் சொல்லவேண்டும்.

பெக்சரோட்டீன் ரெட்டினாய்டு வகையைச் சேர்ந்தது. அதாவது விற்றமின் ஏ-யின் உறவுக்காரன். முகப்பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினோயினும், சொரியாசிசுக்குக் கொடுக்கும் அசிட்ரெட்டினும் இதே குடும்பந்தான். ஆனால் அவை உயிரணுவுக்குள் இயங்கும் வழி வேறு; பெக்சரோட்டீன் ஆர்.எக்ஸ்.ஆர். எனப்படும் வேறொரு வகை ஏற்பிகளைத் தேடிப் பிடித்து, நோயுற்ற டீ-உயிரணுக்கள் தாமாகவே அழியும்படி தூண்டுகிறது. அமெரிக்காவில் 1999 டிசெம்பரிலும் ஐரோப்பாவில் 2001-இலும் அனுமதி பெற்ற மருந்து இது. 2001-இல் வெளியான ஆய்வுகளில், உடற்பரப்பின் ஒவ்வொரு சதுர மீற்றருக்கும் நாளொன்றுக்கு 300 மி.கி. என்ற அளவில் எடுத்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு நோய் குறிப்பிடத்தக்க அளவு தணிந்தது. பாதிப்பேர் என்பதை நன்றாக மனத்தில் இருத்திக்கொண்டே தொடங்கினேன். பலன் தெரிய மாதக்கணக்காகும் என்றும், முதல் சில கிழமைகளில் தோல் சிவந்து உரிந்து நோய் முற்றியதுபோலத் தோன்றினாலும் மருந்து தோற்றுவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது என்றும் விசேட தாதி முன்கூட்டியே சொல்லியிருந்தார். அந்த எச்சரிக்கை இல்லாவிட்டால் இரண்டாம் மாதமே போத்தலைத் தூக்கி வைத்திருப்பேன்.

இந்த மருந்தின் ஆபத்துகளில் பெரும்பாலானவை சத்தமில்லாமல் வருபவை. வாந்தி, முடி உதிர்தல் என்று புற்றுநோய் மருந்துகளைப் பற்றி நாம் கேள்விப்பட்டவை எதையும் நான் பெரிதாக அனுபவிக்கவில்லை. அதற்குப் பதிலாக, உடலில் எந்தக் குறியும் காட்டாமல் இரத்தத்திலே கொழுப்பு ஏறுகிறது, தைரொயிட் சுரப்பு இறங்குகிறது. இரண்டும் மருந்து எடுக்கும் ஏறக்குறைய எல்லோருக்கும் நடப்பவை. ஆகவே 'எனக்கு ஒன்றும் செய்யவில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன்' என்று சொல்வதில் இங்கே பொருளே இல்லை. நன்றாக இருக்கிறோமா என்பதை இரத்தப் பரிசோதனைத் தாள்தான் சொல்லும்.

அதனால்தான் பெக்சரோட்டீனை இங்கே தனியாகத் தருவதில்லை. பிரித்தானிய நிபுணர்கள் 2013-இல் வெளியிட்ட ஒருமித்த வழிகாட்டலைத் தழுவியே என் கிளினிக்கும் நடந்தது. பெக்சரோட்டீன் தொடங்குவதற்கு ஒரு கிழமைக்கு முன்பே, இரத்தக் கொழுப்பில் ஒரு வகையான ட்ரைகிளிசரைட்டைக் குறைக்கும் ஃபெனோஃபைப்ரேட் தொடங்கப்பட்டது. பெக்சரோட்டீனின் முதல் நாளன்றே தைரொயிட் குறைவை ஈடுசெய்யும் லீவோதைரொக்சினும் (சுருக்கமாகத் தைரொக்சின்) குறைந்த அளவில் சேர்ந்தது. என் உடற்பரப்பு ஏறத்தாழ 2 சதுர மீற்றர். எனவே முழு அளவு நாளுக்கு 600 மி.கி., அதாவது 75 மி.கி. குளிசைகள் எட்டு. ஆனால் முதலில் அதில் பாதியான நான்கைக் கொண்டு தொடங்கி, நான்கு கிழமைகள் பார்த்து, இரத்தம் இடம் கொடுத்தால் மட்டுமே எட்டுக்குப் போவது என்பது ஏற்பாடு. ஒரே நாளில் எட்டுக் குளிசையா என்று மலைத்த என் மனைவி, மேசையில் வரிசையாக அடுக்கியதைப் பார்த்துவிட்டு, "இது மருந்தோ, இல்லாட்டி ஒரு நேரச் சாப்பாடோ?" என்று கேட்டார்.

தொடங்குமுன் எடுக்கவேண்டிய பரிசோதனைகளை அவசரத்தில் தவறவிடக் கூடாது. வெறும் வயிற்றில் எடுத்த கொழுப்பு அளவுகள், ஈரல் தொழிற்பாடு, வெள்ளணுக்கள் உட்பட முழு இரத்த எண்ணிக்கை, தைரொயிட் ஆகிய அனைத்தும் மருந்துக்கு முன் எங்கே நின்றன என்பது தெரியாவிட்டால், பின்னர் வரும் எண்களுக்கு அளவுகோலே இருக்காது. முன்பு கணைய அழற்சி வந்தவர்கள், கட்டுக்குள் வராத கொழுப்பு அல்லது தைரொயிட் கோளாறு உள்ளவர்கள், ஈரல் பழுதடைந்தவர்கள், உடலில் தொற்று இருப்பவர்கள் ஆகியோருக்கு இந்த மருந்து ஆகாது. எனவே பழைய நோய்களை மறைக்காமல் சொல்லவேண்டும். மதுப்பழக்கத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நம்மவர் கிளினிக்கில் அதைப் பாதியாக்கிச் சொல்வது வழக்கம், ஆனால் மதுவும் ட்ரைகிளிசரைட்டை ஏற்றிக் கணையத்தையும் தாக்குவதால், இந்தக் குளிசையோடு அந்தப் பாதிக்கணக்கு சரிவராது.

எட்டுக் குளிசைக்குப் போனதும் என் ட்ரைகிளிசரைட்டு, லீற்றருக்கு 2 மில்லிமோலுக்குள் நின்றது, 7-ஐத் தாண்டியது. அன்று வந்த அறிக்கையில் இரத்த மாதிரி கொழுப்பால் கலங்கியிருந்தது என்று ஆய்வுகூடம் ஒரு வரி எழுதியிருந்தது. அதன் பொருளைத் தாதியிடம் கேட்டேன். இரத்தத்தைச் சுழற்றிச் செவ்வணுக்களைப் பிரித்தால் மேலே தெளிந்த மஞ்சள் நிறத்தில் நிற்கவேண்டிய திரவம், கொழுப்பு மிகும்போது தேங்காயின் இரண்டாம் பால்போல வெளிறித் தெரியும் என்றார். அவ்வளவு கொழுப்பு ஓடியும் எனக்கு ஒரு தலையிடிகூட இல்லை; அன்று காலை பூங்காவில் நடந்துவிட்டுத்தான் வைத்தியசாலைக்குப் போயிருந்தேன். மருந்தின் குறிப்பேட்டில் சொல்லப்படும் இலக்கு, வெறும் வயிற்றில் ட்ரைகிளிசரைட்டு டெசிலீற்றருக்கு 400 மி.கி.க்குக் கீழே, அதாவது ஏறத்தாழ 4.5 மில்லிமோலுக்குக் கீழே இருக்கவேண்டும் என்பது. 10-ஐயும் கடந்து போனால் கணைய அழற்சி வரும் அபாயம் கூடும். எனக்குப் பெக்சரோட்டீனை முற்றாக நிறுத்தாமல் ஆறு குளிசைக்கு இறக்கி, ஃபெனோஃபைப்ரேட்டுடன், ஸ்டட்டின் வகைக் கொழுப்புக் குளிசையான அட்டோர்வாஸ்டட்டினும் சேர்த்தார்கள். அடுத்த சில கிழமைகளில் அது 4-க்கு அருகே வந்து நின்றது.

கொழுப்புக் குளிசைகளிலும் எல்லாம் ஒன்றல்ல. ஃபெனோஃபைப்ரேட்டின் வகையையே சேர்ந்த ஜெம்ஃபைப்ரோசில் என்ற மருந்து, பெக்சரோட்டீனின் அளவை இரத்தத்தில் பெருமளவு உயர்த்திவிடுவதால் அதைச் சேர்த்து எடுக்கவே கூடாது. உங்கள் நாட்டில் கொழுப்புக்கு அதை எழுதும் வழக்கம் இருந்தால் பெயரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஃபெனோஃபைப்ரேட்டும் ஸ்டட்டினும் சேரும்போது தசைகள் பழுதுபடும் வாய்ப்பு சிறிது உண்டு. காரணமில்லாத தசைநோவோ கறுத்த சிறுநீரோ கண்டால் உடனே தெரிவிக்கும்படி எனக்குச் சொல்லப்பட்டது. கிரேப்ஃபுரூட் சாற்றையும் நிறுத்தினேன். பெக்சரோட்டீனுக்கும் அட்டோர்வாஸ்டட்டினுக்கும் இரண்டுக்குமே அது ஒத்துவராது.

சாப்பாடு பற்றி நம் வீடுகளில் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. கொழுப்பு ஏறிவிட்டது என்றதும் முதலில் தேங்காயை நிறுத்துவார்கள். சொதி போய்விடும், பொரியல் போய்விடும், ஆனால் இடியப்பமும் சோறும் சீனி போட்ட தேநீரும் பழச்சாறும் இருந்த இடத்திலேயே இருக்கும். ட்ரைகிளிசரைட்டை ஏற்றுவதில் சீனிக்கும் மாச்சத்துக்கும் பெரிய பங்கு உண்டு என்று உணவியலாளர் விளக்கியபோது, நான் ஆரோக்கியம் என்று நினைத்துக் குடித்துவந்த மாம்பழச்சாற்றைத்தான் முதலில் நிறுத்தச் சொன்னார். தேங்காய்ப்பாலை முற்றாக விடச் சொல்லவில்லை, அளவைக் குறைத்துக்கொண்டோம். பெக்சரோட்டீனை வெறும் வயிற்றில் எடுத்தால் அது உடலில் சரியாகச் சேராது. ஓரளவு கொழுப்புள்ள சாப்பாட்டோடு எடுக்கவேண்டும். எனவே கொழுப்பே இல்லாத இரவுச் சாப்பாடும் நமக்கு உதவாது. மீன்குழம்போடு சிறிது குரக்கன் பிட்டு, நிறைய மரக்கறி என்பது என் இரவுச் சாப்பாடாயிற்று.

பரிசோதனைக்கு முந்திய இரவு சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீரைத் தவிர வேறெதையும் தொடாமல் காலையில் முதல் ஆளாகப் போய் இரத்தம் கொடுப்பேன். வழியில் ஒரு பால்தேநீர் குடித்துவிட்டுக் கொடுத்தால் ட்ரைகிளிசரைட்டு உண்மையைவிடக் கூடித் தெரியலாம். அதைப் பார்த்து மருந்தைக் குறைத்துவிட்டால் நட்டம் நமக்குத்தான்.

இனித் தைரொயிட். இந்தக் கட்டுரையில் ஒரேயொரு பகுதியைத்தான் வாசிக்க நேரமிருக்கிறது என்றால் இதை வாசியுங்கள்.

சாதாரணமாகத் தைரொயிட் சுரப்பு குறைந்தால் மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி, இன்னும் சுரக்கச் சொல்லி டீ.எஸ்.எச். என்ற ஏவலைக் கூடுதலாக அனுப்பும். ஆகவே டீ.எஸ்.எச். கூடியிருந்தால் தைரொயிட் குறைவு, அது குறைந்திருந்தால் தைரொயிட் மிகுதி என்று கணக்கிடுவது உலக வழக்கம். பெக்சரோட்டீன் அந்தப் பிட்யூட்டரியையே அடக்கிவிடுகிறது. ஏவல் போவதில்லை, ஆகவே டீ.எஸ்.எச். மிகக் குறைவாக இருக்கும், அதே நேரம் தைரொயிட் ஹோர்மோனும் குறைவாக இருக்கும். டீ.எஸ்.எச்.சை மட்டும் பார்ப்பவருக்கு இவருக்குத் தைரொயிட் மிகுதி என்று தோன்றும், உண்மை நேர்மாறானது. எனவே பெக்சரோட்டீன் எடுப்பவருக்குப் பார்க்கவேண்டிய எண் ஃப்ரீ டீ4, அதாவது இரத்தத்தில் கட்டின்றி உலவும் தைரொயிட் ஹோர்மோனின் அளவு மட்டுமே.

எனக்கு நடந்தது அதுதான். வேறொரு காரணத்துக்காக என் ஜீ.பீ.யின் (குடும்ப வைத்தியரின்) கிளினிக்கில் எடுத்த இரத்தத்தில் டீ.எஸ்.எச். 0.02 என்று வந்தது. கணினி அதைச் சிவப்பில் காட்டியிருக்கவேண்டும். தைரொக்சின் அளவுக்கு மிஞ்சிவிட்டது, 100 மைக்ரோகிராமிலிருந்து 50-க்குக் குறைக்கவும் என்று கைத்தொலைபேசிக்குக் குறுஞ்செய்தி வந்தது. ஃப்ரீ டீ4-ஐ அவர்கள் பார்க்கவேயில்லை. சில நாட்களுக்கு முன் வைத்தியசாலையில் எடுத்த என் ஃப்ரீ டீ4 வீச்சின் அடி எல்லையில் நின்றது. அதைக் கூட்டுவதற்காகத் தைரொக்சினை 125-க்கு ஏற்றலாமா என்றுதான் நிபுணர் யோசித்துக்கொண்டிருந்தார். முதல் சந்திப்பிலேயே தாதி ஒரு தாளில் 'டீ.எஸ்.எச். பார்க்க வேண்டாம், ஃப்ரீ டீ4 பார்க்கவும்' என்று பெரிய எழுத்தில் எழுதித் தந்திருந்தபடியால், குளிசையில் கைவைக்காமல் அவருக்கே தொலைபேசி எடுத்தேன். அன்றே நிபுணரிடமிருந்து ஜீ.பீ.க்குக் கடிதம் போயிற்று. தைரொக்சின் அளவை வைத்தியசாலை மட்டுமே மாற்றும் என்ற குறிப்பும் என் கோவையில் ஏறியது. ஜீ.பீ.யைக் குற்றம் சொல்வதில் பயனில்லை. இந்த நோய் உள்ளவர்களை அவர் தம் வாழ்நாளில் ஒருவரோ இருவரோதான் பார்த்திருப்பார். அதனாலேயே அந்தத் தாள் நம் கையில் இருக்கவேண்டும். இன்று வரைக்கும் அதை மடித்து என் பணப்பையில் வைத்திருக்கிறேன்.

தைரொயிட் குறைந்தால் உடல் என்ன சொல்லும் என்று கேட்டால், சோர்வு, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், மனச்சோர்வு, முகம் ஊதுதல் என்று பட்டியல் வரும். லண்டனில் ஜனவரி மாதத்தில் இவற்றில் பாதி எல்லோருக்கும் இருக்கும். புற்றுநோய்க்காரனுக்குச் சோர்வு வந்தால் வீட்டில் எல்லோரும் அதை நோயின் கணக்கிலேயே எழுதிவிடுவார்கள். எனக்கு ஒரு காலகட்டத்தில் மாடிப்படி ஏறுவதே பாரமாக இருந்தது; தைரொக்சின் கூட்டிய பிறகு அது அகன்றது. நோயென்று நினைத்து அதைச் சகித்துக்கொண்டிருந்தால் இன்னும் பல மாதங்கள் சகித்திருப்பேன். இந்த மருந்தோடு தைரொக்சின் 100, 150 என்று ஏறுவது வழக்கமானதே; அளவைப் பார்த்து அஞ்ச வேண்டியதில்லை.

நேரங்களை ஒழுங்குபடுத்தியது எனக்கு மிகவும் உதவியது. காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீருடன் தைரொக்சின். அரை மணி நேரத்துக்குப் பிறகே தேநீர். இரும்புச்சத்து, கல்சியம் குளிசைகள் எடுப்பவர்கள் தைரொக்சினிலிருந்து நான்கு மணி நேரமாவது தள்ளி எடுக்கவேண்டும். ஃபெனோஃபைப்ரேட் காலை உணவோடு. இரவுச் சாப்பாட்டோடு பெக்சரோட்டீன் முழுவதும் ஒரே தடவையாக, படுக்குமுன் அட்டோர்வாஸ்டட்டின். இதோடு ஒரு பள்ளிக்கூடக் கொப்பியில் திகதி, பெக்சரோட்டீன் எத்தனை, ட்ரைகிளிசரைட்டு, ஃப்ரீ டீ4, வெள்ளணு, ஈரல் என்று கோடு கிழித்து எழுதி வருகிறேன். செயலிகள் உண்டுதான், ஆனால் அவசரப் பிரிவில் இளம் வைத்தியர் ஒருவரிடம் கொப்பியை விரித்துக் காட்டுவதைப்போல வேகமாக எந்தச் செயலியும் வேலை செய்ததை நான் காணவில்லை. தொடக்கத்தில் கிழமைக்கு ஒருமுறை இரத்தம். எண்கள் நிலைத்த பின் மாதம் ஒருமுறை. அளவை மாற்றினால் மீண்டும் அடிக்கடி.

எப்போது காத்திருக்கக் கூடாது என்பதையும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாயும் கடுமையான நோவு, அதனோடு வாந்தி வந்தால் அது வாய்வு அல்ல. இஞ்சித் தேநீர் போட்டுப் பார்க்க நேரமில்லை. நேரே அவசரப் பிரிவுக்குப் போய், பெக்சரோட்டீன் எடுக்கிறேன், கணையத்தைப் பாருங்கள் என்று சொல்லவேண்டும். இரண்டாவது காய்ச்சல். இந்த மருந்து வெள்ளணுக்களை, அதிலும் கிருமிகளோடு போராடும் நியூட்ரோஃபில்களைக் குறைக்கக்கூடும். இந்நோயிலோ தோலில் வெடிப்பும் கீறலும் ஏராளம், கிருமி நுழைய வாசல் திறந்தே கிடக்கிறது. உடல்வெப்பம் 38 பாகையைத் தொட்டால் பரசிற்றமோல் போட்டு மறைக்காமல் முதலில் கிளினிக்கின் அவசர எண்ணுக்குப் பேசவேண்டும். பார்வை மங்கினால் கண் வைத்தியரிடம் போகவேண்டும், கண்புரை வரக்கூடும். ஓயாத கடும் தலையிடியையும் அலட்சியம் செய்யக் கூடாது.

எனக்குச் சலரோகம் இல்லை. ஆனால் நம்மவரில் பலருக்கு இருப்பதால் இதையும் சொல்லவேண்டும்: இன்சுலினோ, இன்சுலினைச் சுரக்கவைக்கும் குளிசைகளோ எடுப்பவர்களுக்கு, பெக்சரோட்டீன் சேரும்போது சீனி அளவுக்கு மீறி இறங்கிவிடலாம். முதல் நாட்களில் வீட்டிலேயே அடிக்கடி சீனி பார்க்கவேண்டும். சலரோகம் பார்க்கும் வைத்தியருக்கும் இந்த மருந்தைப் பற்றித் தெரியப்படுத்தவேண்டும்.

உறவினர்களின் அன்பு இன்னொரு சங்கதி. நோய் தெரிந்ததும் யாழ்ப்பாணத்திலிருந்து தங்கை, "அண்ணா, மீன்எண்ணெய்க் குளிசையை மட்டும் விட்டிடாதேங்கோ, தோலுக்கு நல்லது" என்றாள். கொட் மீனின் ஈரலிலிருந்து எடுக்கும் எண்ணெயில் விற்றமின் ஏ நிறைய உண்டு. பெக்சரோட்டீனும் அதன் உறவே என்பதால் இரண்டும் சேர்ந்தால் விற்றமின் ஏ மிகுதியால் வரும் நஞ்சுக் குறிகள் தோன்றலாம். மருந்தின் குறிப்பேடு, மேலதிகமாக எடுக்கும் விற்றமின் ஏ நாளுக்கு 15,000 அலகுக்கு மேற்படக் கூடாது என்கிறது. என் மருந்தாளரோ, தேவையில்லாததை எதற்கு எடுக்கிறீர்கள் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். பல்விற்றமின் குளிசைகளின் போத்தலையும் திருப்பிப் பார்த்துக்கொள்ளுங்கள். மூலிகைக் குளிசைகளும் அப்படித்தான். அவற்றுள் என்ன இருக்கிறது என்று தெரியாதவரை ஈரல் எண் ஏறினால் காரணம் எது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. தங்கையிடம் மறுப்பாகப் பேசாமல், வைத்தியர் தடுத்துவிட்டார் என்று சொன்னேன். அது பொய்யுமல்ல.

கருவைப் பற்றிய எச்சரிக்கையை ஆண்கள் பெரும்பாலும் பெண்களுக்கானது என்று தாண்டிப் போய்விடுகிறார்கள். பெக்சரோட்டீன் வயிற்றிலுள்ள குழந்தைக்குக் கடும் ஊனம் விளைவிக்கக்கூடியது. கருத்தரிக்கும் வயதிலுள்ள பெண் எடுப்பதானால், தொடங்குவதற்கு ஒரு மாதத்துக்கு முன்பிருந்தே இரண்டு வழிகளில் கருத்தடை வேண்டும். மருந்து முடிந்து ஒரு மாதம் வரையிலாவது அது தொடரவேண்டும். மாதந்தோறும் கர்ப்பப் பரிசோதனையும் வேண்டும். பெக்சரோட்டீன் ஹோர்மோன் கருத்தடைக் குளிசையின் வேலையைக் குறைத்துவிடக் கூடுமாதலால், அந்த இரண்டு வழிகளில் ஒன்று ஹோர்மோன் அல்லாததாக இருக்கவேண்டும். ஆண் நோயாளியும், துணைவி கருவுற்றிருந்தாலோ கருவுறக்கூடியவராக இருந்தாலோ, மருந்து எடுக்கும் காலத்திலும் நிறுத்திய பின் ஒரு மாதமாவதும் ஆணுறை பாவிக்கவேண்டும். பெக்சரோட்டீன் கிடைக்காத இடங்களில் இந்நோய்க்கு அசிட்ரெட்டின் கொடுப்பதுண்டு. அதற்கு விதி வேறு. அசிட்ரெட்டினை நிறுத்திய பின்னும் பெண்கள் மூன்று ஆண்டுகள் கருத்தரிக்கக் கூடாது. மது சேர்ந்தால் அது உடலில் இன்னும் நீண்டகாலம் தங்கும் வேறொரு பொருளாக மாறிவிடும். இரண்டும் ரெட்டினாய்டுதானே என்று ஒன்றின் விதியை மற்றதற்குப் போட்டுவிடக் கூடாது.

என் மருமகள் கருவுற்றிருந்த காலத்தில் எங்கள் வீட்டில் இந்தப் போத்தல் தனி அலுமாரிக்குப் போயிற்று. குளிசை வெளிறிய வெள்ளை நிறத்தில், மென்மையான கூட்டுக்குள் மருந்து கலந்த திரவம் நிறைந்தது. மேலே மருந்தின் வர்த்தகப் பெயரான டார்கிரெட்டின் அச்சிடப்பட்டிருக்கும். வெப்பத்திலும் ஈரத்திலும் கூடு இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளலாம். ஒருமுறை போத்தலின் அடியில் ஒன்று கசிந்து, பக்கத்திலிருந்த குளிசைகள் பசைபோலப் பிசுபிசுத்தன. கையுறை போட்டு அவற்றைப் பொதிசெய்து மருந்தகத்திலேயே திருப்பிக் கொடுத்தேன். கசிந்தது தோலில் பட்டால் சவர்க்காரமும் தண்ணீரும் கொண்டு உடனே கழுவவேண்டும். குளிசையை உடைக்கவோ கரைக்கவோ கூடாது. கிழமைக் குளிசைப்பெட்டியில் மற்றவற்றை அடுக்குகிறேன். இதை மட்டும் அதன் போத்தலிலேயே வைத்திருக்கிறேன்.

வெய்யிலும் ஒத்துக்கொள்ளாது. ஊருக்குப் போயிருந்தபோது நீளக்கைச் சட்டையும் அகன்ற தொப்பியும் இல்லாமல் பகலில் வெளியே இறங்கவில்லை. நல்லூர்த் திருவிழாவில் வெறும் மேலோடு வீதியில் நிற்கும் ஆசையை அடக்கிக்கொண்டு, காலைப் பூசையோடு திரும்பிவிட்டேன். பயணத்தில் குளிசைகள் கைப்பையில் இருக்கவேண்டும். விமான நிலையத்துக்குப் போகும் வான் வண்டியின் பின்பகுதி வெக்கையில் பெட்டிக்குள் கிடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. நிபுணரின் கடிதத்தின் பிரதியையும், ஊரில் நம்பகமான ஓர் ஆய்வுகூடத்தில் ட்ரைகிளிசரைட்டும் ஃப்ரீ டீ4-உம் எடுப்பதற்கான சீட்டையும் கொண்டுபோனேன். அங்கே கொழுப்பைப் பெரும்பாலும் டெசிலீற்றருக்கு மில்லிகிராமில் தருவார்கள், ட்ரைகிளிசரைட்டை 88.6-ஆல் வகுத்தால் பிரித்தானிய மில்லிமோல் கணக்கு வரும். இது தெரியாமல் 350 என்ற எண்ணைப் பார்த்தால் நெஞ்சு நின்றுவிடும். அது 4-க்கும் குறைவுதான்.

தோல் வறட்சிக்கு நாளெல்லாம் பூசும் பரஃபின் களிம்புகளைப் பற்றியும் ஒரு சொல். அவை உடையிலும் போர்வையிலும் ஊறிக் காய்ந்த பின், துணி எளிதாகத் தீப்பற்றும் என்று இங்கே 2018-இல் எச்சரித்தார்கள். துவைத்தாலும் முழுவதும் போவதில்லை. சாமியறையில் குத்துவிளக்கு எரியும் வீட்டில், களிம்பு பூசிய உடம்போடு வேட்டி கட்டிக்கொண்டு கற்பூரம் காட்டுவது யோசிக்கவேண்டிய காரியம். எங்கள் வீட்டில் அந்தப் பொறுப்பு இப்போது மகனுக்கு மாறிவிட்டது.

நான்காம் மாதமளவில் தொடையில் இருந்த கட்டிகள் தட்டையாகத் தொடங்கின. அரிப்பு அதற்கும் முன்பே தணிந்து, இரவில் தொடர்ந்து தூங்க முடிந்தது. முதுகில் இரண்டு தடிப்புகள் அசையாமல் இருந்தன; அவற்றுக்குக் குறைந்த அளவில் கதிர்ச்சிகிச்சை கொடுத்தார்கள். எட்டுக் குளிசைக்கு மீண்டும் ஏற்றிப் பார்க்கலாமா என்று ஒரு தடவை பேச்சு வந்தது. ஆறிலேயே பலன் நிற்கும்போது கொழுப்போடு மறுபடி மல்லுக்கட்ட நான் விரும்பவில்லை, நிபுணரும் இணங்கினார். எவ்வளவு காலம் எடுப்பது என்று மனைவி கேட்டதற்கு, பலன் இருக்கும்வரை, இரத்தம் இடம் கொடுக்கும்வரை என்பதே பதிலாக வந்தது. நிறுத்தும் நாள் வந்தால் பெக்சரோட்டீனை மட்டும் நிறுத்திவிட்டு மற்றவற்றைப் பழக்கத்தில் விழுங்கிக்கொண்டிருக்கக் கூடாது. பிட்யூட்டரி சில கிழமைகளில் விழித்துக்கொள்ளும். அப்போது அதே அளவு தைரொக்சின் தொடர்ந்தால் உண்மையிலேயே மிகுதியாகி, நெஞ்சு படபடக்கத் தொடங்கும். ஆகவே தொற்றுக்காகவோ சத்திரசிகிச்சைக்காகவோ இடையில் நிறுத்த நேர்ந்தாலும், தைரொக்சினையும் கொழுப்புக் குளிசைகளையும் என்ன செய்வது என்று அன்றே கேட்டுக் கொப்பியில் எழுதிக்கொள்ளவேண்டும்.